சர்க்கரை மேல் வைத்த பலகை

வணக்கம் நேயர்களே.

பனிச்சரிவு என்றதும், எங்கோ உச்சியில் பனி தானாக இடிந்து, கீழே சிவனே என்று போய்க்கொண்டிருந்தவர் மேல் விழுகிற காட்சிதான் பலருக்கும் தோன்றும். அப்படியும் நடக்கும், ஆனால் குறைவு. பனிமலையில் சறுக்கவோ நடக்கவோ போய் மாட்டிக்கொள்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், சரிவைக் கிளப்பிவிட்டது அவரே, இல்லையென்றால் கூடப் போனவர்.

எப்படி என்கிறீர்களா? குளிர்காலப் பனி ஒரே கட்டியாக இருப்பதில்லை, அடுக்கடுக்காகச் சேர்கிறது. பனி மெல்லியதாகக் கிடக்கும்போது பல நாள் கடுங்குளிர் அடித்தால், உள்ளே இருக்கும் துகள்கள் சர்க்கரை மாதிரி பொலபொலவென்று ஆகி, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். அப்புறம் ஒரு புயல் வந்து, காற்று வாரிக் கொட்டிய பனி அதன்மேல் பலகையாக இறுகிவிடும். சர்க்கரை மேல் வைத்த பலகை. மேலே பார்த்தால் வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கும். அதில் ஒருவர் கால் வைக்கிறார். அடியடுக்கு நொறுங்குகிறது, அந்த நொறுங்கல் கண்மூடித் திறப்பதற்குள் சரிவு முழுக்க ஓடுகிறது. விரிசல் விழுவது பெரும்பாலும் அவர் தலைக்கு மேல்பக்கம். அதாவது, நகரும் பலகையின் நடுவில் நிற்கிறார். ஓடித் தப்பிப்பது கதைக்குத்தான் சரி.

ஆனால் பலகை நழுவ, சாய்வு வேண்டும். பெரும்பாலான பலகைச் சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகின்றன. சறுக்குவதற்கு ஆசை காட்டுவதும் அதே சாய்வுதான் என்பது என்ன விளையாட்டோ! கைபேசியிலேயே சாய்வை அளக்கலாம். நிற்கும் இடத்தை மட்டும் அளந்தால் போதாது. தலைக்கு மேலே செங்குத்தான சரிவு இருந்தால், அடிவாரத்துச் சமதளத்தில் நடப்பவரின் எடையே அதை இழுத்துவிடக் கூடும்.

ஆபத்தை ஐந்து நிலைகளாகச் சொல்லும் முன்னறிவிப்புகள் பல மலைநாடுகளில் உண்டு. மூன்றாம் நிலையைப் பார்த்ததும், 'சரி, நடுத்தரம்தானே' என்று கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலூட்டுவது இந்தக் கணக்குதான். நான்கு, ஐந்து என்றால் ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். மூன்றில்தான் ஏராளமான சாவுகள்.

மலையும் சும்மா இருப்பதில்லை, சொல்லிப் பார்க்கும். பக்கத்துச் சரிவில் புதிதாக விழுந்த பனிக்குவியல், காலடியில் 'தொம்' என்று உள்வாங்கும் ஓசை, பாதத்திலிருந்து கிளம்பி ஓடும் விரிசல், திடீர் வெயில். அந்த 'தொம்' ஒரு முறை என் காலடியில் கேட்டிருக்கிறது. வந்த வழியே திரும்பிவிட்டேன். அந்தச் சரிவு அன்று விழவில்லை, கூட வந்தவர்கள் வழியெல்லாம் கிண்டல் செய்தார்கள். விழாமல் நின்ற சரிவு, நாம் செய்தது சரியா தப்பா என்று ஒருபோதும் சொல்லாது. முன்னே போனவரின் தடமும் அப்படித்தான். ஒன்பது பேர் கடந்த இடத்தில், பனி மெலிந்திருந்த புள்ளியைப் பத்தாவது ஆள் மிதிப்பதுண்டு.

புதைந்துவிட்டால்? கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர்வரை பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆனால் மூன்றில் ஒருவர்தான். மூச்சு முட்டுவதுதான் முதல் எமன். மீட்புப் படை அதற்குள் வந்து சேராது, கூட இருப்பவர்கள்தான் மீட்புப் படை. ஆகவே ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டிரான்ஸீவர் (புதைந்தவர் இருக்குமிடத்தை ரேடியோ அலையால் காட்டிக்கொடுக்கும் சின்னக் கருவி), பனியில் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, உலோக மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். கைபேசி டிரான்ஸீவரிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். தேடும்போது 50. கம்பி ஆள்மேல் தட்டினால் அதை உருவாதீர்கள். அதற்கு நேர்மேலே நின்று குழி பறிக்காமல், கீழ்ப்பக்கம் சற்று இறங்கிப் பக்கவாட்டில் தோண்டுங்கள். ஓய்ந்த பனி காரை மாதிரி இறுகியிருக்கும், நேரம் அதிகம் பிடிப்பது தோண்டலுக்குத்தான்.

சந்தேகமான சரிவை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். மற்றவர்கள் பனி பாயாத இடத்தில் நின்று, போகிறவர் மேலேயே கண்ணை வைத்திருக்க வேண்டும். எங்கள் குழுவில் இன்னொரு வழக்கமும் உண்டு. யாராவது ஒருவர் 'வேண்டாம்' என்றால் போதும், காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்பிவிடுவோம். இதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்வோம், சரிவின் விளிம்பில் நின்று அல்ல.

நன்றி, வணக்கம்.