நெகட்டிவ் என்றால் ஓய்ந்துவிட்டதா?

நேயர்களுக்கு வணக்கம். சில மாதங்களுக்கு முன் ஒருவர் கையில் ரிப்போர்ட்டோடு வந்தார். நாற்பது வயதிருக்கும், லாரி ஓட்டுகிறவர். ரத்ததானம் செய்யப் போன இடத்தில்தான் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பது தெரிந்திருக்கிறது. "டாக்டர், இ-ஆன்டிஜென் நெகட்டிவ்னு போட்டிருக்கு பாருங்க. ஆறு மாசமா கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சேன், கிருமி ஓஞ்சுபோச்சு" என்றார்.

இ-ஆன்டிஜென் என்பது வைரஸ் மும்முரமாகப் பெருகும்போது ரத்தத்தில் தென்படும் ஒரு புரதம். கீழாநெல்லிப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். 1988இல், சென்னையில் நடந்த ஓர் ஆய்வு லான்செட் இதழில் வந்தது. இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு வாங்கிய பிளம்பெர்க்கும் அதில் பங்கேற்றிருந்தார். நம்பிக்கை தந்த முடிவுதான். ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்துபார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. லாரிக்காரரின் நெகட்டிவுக்குக் காரணத்தை வைரஸுக்குள்தான் தேட வேண்டும்.

அந்த வைரஸின் மரபுக்குறிப்பு மொத்தமே சுமார் 3,200 எழுத்துகள். பிரதி எடுக்கும்போது பிழை பார்த்துத் திருத்தும் வசதி அதனிடம் இல்லை. அதனால் காலப்போக்கில் ஊருக்கு ஊர் பாடபேதம் ஏற்பட்டுவிட்டது. எழுத்துகளில் 8 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் அதைத் தனி மரபுவகை, அதாவது ஜீனோடைப் என்கிறோம். ஏ முதல் ஜே வரை பத்துப் பெயர்கள் உண்டு. கடைசி வகை ஜப்பானில் ஒரே ஒருவரிடம் கண்டது. ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் சி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அவை வேறு நோய்கள். நான் சொல்லும் ஏயும் சியும் இந்த ஒரே வைரஸின் உட்பிரிவுகள். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்!

வகை மாறினால் குணமும் மாறுமா? அதற்கு நல்ல சாட்சி அலாஸ்கா. அங்குள்ள பழங்குடி மக்களிடம் ஏ, பி, சி, டி, எஃப் என ஐந்து வகைகளும் இருந்தன. அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வைரஸ் பெருகுவதற்கு அடையாளம் இ-ஆன்டிஜென் என்றேன் அல்லவா? சி தவிர மற்ற நான்கு வகைகளிலும் பாதிப்பேருக்கு இருபது வயதுக்குள் அது மறைந்துவிட்டது. சி வகையில் பாதிப்பேருக்கு மறைய 47 வயதாயிற்று. எஃப் வகைக்காரர்களுக்கோ ஈரல் புற்றுநோய் இளம் வயதிலேயே வந்தது.

அந்த 47 என்ற எண்ணை யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் பிள்ளை பெறும் வயது முழுவதும் அவள் ரத்தத்தில் வைரஸ் கொழித்துக் கிடக்கிறது. தடுப்பு இல்லாவிட்டால் பிரசவத்தில் அது குழந்தைக்குப் போகும். கைக்குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு நிலைத்துவிடும். சி வகை அதிகமாக உள்ள கிழக்காசியாவில் நோய் தாய்வழியாகவே வெகுவாகப் பரவியதற்கு இது பெரிய காரணம்.

நம் நாட்டில் டி வகைதான் அதிகம், அடுத்தது ஏ. கிழக்கு, வடகிழக்குப் பக்கம் சியும் உண்டு. டி வகைக்கு ஒரு தந்திரம் தெரியும். அதன் மரபுக்குறிப்பில் 1896ஆவது எழுத்து மாறினால், இ-ஆன்டிஜென் தயாரிப்பு பாதியில் நின்றுவிடும். வைரஸ் பெருகுவது நிற்காது. இந்த மாற்றம் ஏ வகையில் ஏன் அரிது? பிரதி எடுக்கப்படும் இழை அந்த இடத்தில் கொண்டை ஊசிபோல் மடங்கும். 1896க்கு எதிரே 1858 வந்து ஜோடி சேர வேண்டும். ஏ வகையில் பெரும்பாலும் அந்த ஜோடி ஏற்கெனவே கெட்டியானது, எழுத்து மாறினால் அவிழ்ந்துவிடும், வைரஸுக்கே நஷ்டம். டி வகையில் ஜோடி தொடக்கத்திலேயே தளர்ச்சி, மாறினால்தான் இறுகும். அதனால் நம் உடல் எதிர்ப்புக் காட்டத் தொடங்கியதும், இந்த மாறிய வைரஸ் முன்னுக்கு வந்துவிடுகிறது. எதிரி கொடியை மட்டும் இறக்கிவிட்டுக் கோட்டைக்குள்ளேயே இருக்கிறான்.

இது எனக்கு எரிச்சல் தரும் விஷயம்: ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்ற சொல்லைப் பார்த்ததும் வருகிறவர் நிம்மதியாகிவிடுகிறார், சில நேரம் வைத்தியம் பார்ப்பவரும்தான். ரத்தத்தில் வைரஸின் டிஎன்ஏ அளவையும், ஈரல் புண்பட்டால் ஏறும் என்சைமையும் பார்க்காமல் அந்தச் சொல்லுக்கு அர்த்தமில்லை.

பார்த்தோம். லாரிக்காரருக்கு வைரஸ் டிஎன்ஏ மில்லிலிட்டருக்கு லட்சம் யூனிட்டைத் தாண்டியிருந்தது, என்சைமும் ஏறியிருந்தது. டெனோஃபோவிர் மாத்திரை தொடங்கினோம். ஊசியாகப் போடும் இன்டர்ஃபெரானுக்கு ஏயும் பியும் ஓரளவு மசியும், டி முரண்டு பிடிக்கும், ஆனால் இந்த மாத்திரைக்கு எந்த வகையும் கட்டுப்படும். தடுப்பூசியும் அப்படித்தான், எல்லா வகைக்கும் ஒரே ஊசி. அதன் முதல் தவணையைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

"வீட்ல யாருக்காச்சும் இருக்குமா டாக்டர்?" என்று கேட்டார். அம்மாவையும், கூடப்பிறந்தவர்களையும், மனைவி பிள்ளைகளையும் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னேன். அடுத்த வாரம் மனைவி பிள்ளைகளோடு அம்மாவும் தம்பியும் வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

நன்றி, வணக்கம்.