லாரி பேக்கர்: 9 இஞ்ச் சுவருக்குள்ள 3 இஞ்ச் வெற்றிடம்

வணக்கம். மேஜை மேல ஒரு செங்கல் இருக்கு பாருங்க. சாதாரண சூளைச் செங்கல்தான். நீளம் 8¾ இஞ்ச், அகலம் 4¼, கனம் 2¾. கலவையோட சேர்த்தா 9, 4½, 3னு கணக்கு வச்சுக்கலாம். இந்தச் செங்கல்லைப் படுக்கையா வைக்காம, இப்படிக் குத்தா, அதாவது நீளமான ஒல்லிப் பக்கம் கீழ வர்ற மாதிரி நிறுத்தி வச்சா என்ன ஆகும்? லாரி பேக்கருங்கிற ஆர்க்கிடெக்டைப் புரிஞ்சுக்க இந்த ஒரு கேள்வியில ஆரம்பிக்கிறதுதான் சரி.

முதல்ல ஆளைப் பத்தி. 1917 மார்ச் 2, இங்கிலாந்துல பர்மிங்காம்ல பிறந்தவர். வீடு மெதடிஸ்ட் கிறிஸ்தவ வீடு. பதின்வயசுலயே குவேக்கர் ஆனார். குவேக்கர்னா யாரு? கிறிஸ்தவத்துக்குள்ள ஒரு சின்னப் பிரிவு. பாதிரியார் கிடையாது, ஆடம்பரம் கிடையாது, கூடி உட்கார்ந்து மௌனமா இருக்கிறதுதான் வழிபாடு. போருக்குப் போக மாட்டாங்க. எளிமையா வாழணும்ங்கிறது அவங்களுக்குப் பேச்சு இல்ல, ஒழுக்கம். பர்மிங்காம் பக்கத்துல தொழிலாளிகளுக்காகத் தோட்டத்தோட வீடு வீடா கட்டின போர்ன்வில் குடியிருப்பு இருக்கே, அதை உண்டாக்கின கேட்பரி குடும்பமும் குவேக்கர்தான்.

பேக்கர் பர்மிங்காம்லயே கட்டடக் கலை படிச்சு முடிச்ச கொஞ்ச நாள்ல இரண்டாம் உலகப் போர். துப்பாக்கி தூக்க மாட்டேன்னு சொல்லி, குவேக்கர்களோட ஆம்புலன்ஸ் படையில சேர்ந்து சீனாவுக்குப் போனார். அங்க மயக்க மருந்து கொடுக்கிற வேலை, தொழுநோயாளிகளைப் பராமரிக்கிற வேலை. உடம்பு கெட்டு ஊருக்குத் திரும்புறப்ப பம்பாய்ல கப்பலுக்காகக் காத்திருந்தார். அப்பத்தான் காந்தியைப் பார்த்தார். துணித் துண்டுகளை வச்சுத் தானே தைச்ச செருப்பு பேக்கர் கால்ல இருந்துச்சு, அதைப் பார்த்துத்தான் காந்தி பேச்சுக் கொடுத்தாராம். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள் எல்லாம் 5 மைல் தூரத்துக்குள்ளயே கிடைக்கணும்னு காந்தி சொன்னதை பேக்கர் கடைசி வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிட்டே இருந்தார்.

1945ல தொழுநோய் மிஷன் வேலைக்காக இந்தியா வந்தார். அப்ப நோய்க்குப் புது மருந்து வர ஆரம்பிச்சிருந்த நேரம். நோயாளிகளை ஒதுக்கி வச்சிருந்த பழைய விடுதிகளை எல்லாம் மருத்துவமனையா மாத்துறது அவர் வேலை. 1948ல கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, ரெண்டு பேரும் இமயமலையில பித்தோராகர்ங்கிற ஊருக்குப் போனாங்க. டாக்டர் வந்திருக்காங்கன்னு தெரிஞ்சதும் ஊர் ஜனம் தேடி வர, அங்கயே 16 வருஷம். பேக்கருக்கு உண்மையான படிப்பு அதுதான்னு நான் நினைக்கிறேன். காலேஜ்ல படிச்ச எஃகும் கண்ணாடியும் அந்த மலையில உதவல. அந்த ஊர்க் கொத்தனாருங்க கல்லையும் மண்ணையும் மரத்தையும் வச்சுக் கட்டின வீடு குளிரையும் மழையையும் சரிவையும் சமாளிச்சுக்கிட்டு நின்னுச்சு. அதை உட்கார்ந்து கத்துக்கிட்டார்.

1963ல கேரளா, முதல்ல வாகமண் மலை, அப்புறம் திருவனந்தபுரம். நாலாஞ்சிறையில ஒரு பாறைச் சரிவுல 'தி ஹேம்லெட்'னு தன் வீட்டைக் கட்டினார். சரிவை வெட்டி மட்டம் பண்ணல, வீடு படிப்படியா அந்தப் பாறையோடயே ஏறிப் போகும்.

பெரிய வாய்ப்பு வந்தது திருவனந்தபுரத்துல உள்ளூர்ங்கிற இடத்துல. பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் ஆரம்பிச்ச வளர்ச்சி ஆய்வு மையம், 1970களோட தொடக்கம், முதலமைச்சர் அச்சுத மேனனோட ஆதரவு. மரத்தை வெட்டாம, மேடு பள்ளத்தைத் தொடாம, வட்டமும் வளைவுமா செங்கல் கட்டடங்கள். நூலகம் வட்டமான செங்கல் கோபுரம்.

ஏன் இவ்வளவு வளைவு? அழகுக்குன்னு நினைச்சுடாதீங்க. ஒரு தாளை நிமிர்த்தி வைங்க, விழுந்துடும். லேசா வளைச்சு வைங்க, நிக்கும். சுவரும் அப்படித்தான். வளைச்சா கனம் குறைச்சுக் கட்டலாம். இன்னொண்ணு: 40 அடி நீளத்துக்குச் சுவர் இருக்குன்னு வைங்க. சதுரமா கட்டினா உள்ள 100 சதுர அடி. வட்டமா கட்டினா 127 சதுர அடி. அதே சுவர், கால் பங்குக்கு மேல கூடுதல் இடம். ஆனா ஒரு விஷயம் கவனிங்க, வட்ட அறையில பீரோவும் கட்டிலும் சுவரோட ஒட்டி நிக்காது. அதனால சுவரோடயே சேர்த்துத் திண்ணை, அலமாரி கட்டணும். திருவனந்தபுரம் தம்பானூர்ல, ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற இந்தியன் காபி ஹவுஸ் பேக்கர் கட்டினது. நாகர்கோவில் ரயில்ல இறங்கி நடந்தே போயிடலாம். சுருள் சரிவா ஏறுற தரை, மேஜையும் பெஞ்சும் சுவரோட சேர்த்தே கட்டினது. அந்தச் சரிவுல தனியா நாற்காலி போட்டா ஆடும், இது ஆடாது.

சரி, செங்கல்லுக்கு வருவோம். இந்தக் கட்டுக்கு 'ரேட் ட்ராப் பாண்ட்'னு பேரு, எலிப்பொறிக் கட்டு. இங்கிலாந்துல பழசு, கேரளாவுல பரப்பினது பேக்கர். சுவரோட முன்பக்கம் ஒரு செங்கல், பின்பக்கம் ஒரு செங்கல், ரெண்டும் குத்தா நிக்கும். நடுவுல 3 இஞ்ச் வெற்றிடம். அப்புறம் ஒரு செங்கல் குறுக்கா, இதுவும் குத்தாதான், ரெண்டு பக்கத்தையும் கட்டிப் பிடிக்கும். சுவர் கனம் அதே 9 இஞ்ச்தான்.

கணக்கைப் போடலாம். வழக்கமான 9 இஞ்ச் சுவர்ல, 9 இஞ்ச் நீளம், 3 இஞ்ச் உயரத்துக்கு 2 செங்கல். சதுர அடிக்கு 10⅔ வருது. எலிப்பொறிக் கட்டுல 12 இஞ்ச் நீளம், 4½ இஞ்ச் உயரத்துக்கு 3 செங்கல். சதுர அடிக்கு 8. பத்துக்குப் பத்து சுவர் ஒண்ணுக்கு 1,067 செங்கல் போற இடத்துல 800 போதும். சரியா கால் பங்கு மிச்சம். படுக்கை மூட்டு குறையுறதால கலவையும் குறையும். உள்ள இருக்கிற காத்து வெயிலைத் தடுக்கும்.

இனி, எங்க சொதப்புதுன்னு பார்ப்போம். முதல் தப்பு: கரண்டியால கலவை போடுறப்ப அது வெற்றிடத்துக்குள்ள விழுந்து மேடாயிடும். ரெண்டு பக்கச் சுவரையும் அந்த மேடு இணைச்சிடுச்சுன்னா மழை ஈரம் அது வழியா உள்பக்கம் வரும். இதுக்கு 3 இஞ்சை விட இம்மி குறைவான பட்டைப் பலகை ஒண்ணை வெற்றிடத்து மேல வச்சுக்கிட்டுக் கலவை போடணும். ஒவ்வொரு வரிக்கும் பலகையை எடுத்துத் தட்டிட்டு மறுபடி வைக்கணும். கொத்தனாருக்கு முதல் நாள் எரிச்சலா இருக்கும், ரெண்டாவது நாள் கை பழகிடும்.

ரெண்டாவது: எல்லா இடத்துலயும் பொள்ளலா கட்டக் கூடாது. பேஸ்மெண்ட் மட்டத்து முதல் வரி, ஜன்னலுக்குக் கீழ ஒரு வரி, லிண்டலுக்கு அடியில, ரூஃப் உக்கார்ற கடைசி வரி, கதவு ஜன்னல் ஓரங்கள், இதெல்லாம் கெட்டியா கட்டணும். நிலநடுக்க வாய்ப்புள்ள இடத்துல மூலையில வெற்றிடத்துக்குள்ள கம்பி நிறுத்திக் கான்கிரீட் ஊத்தணும். மூணாவது: கரண்ட் பைப். நெட்டுக்கு வெற்றிடத்துல இறக்கிடலாம், ஆனா சுவிட்ச் பெட்டி வர்ற இடத்தை முன்னாடியே குறிச்சுக்கணும். கட்டி முடிச்சப்புறம் காடி வெட்டினா 2¾ இஞ்ச் கனமுள்ள செங்கல் தாங்காது, உடைஞ்சிடும். பாரமான அலமாரி மாட்டுற இடமும் அப்படித்தான், முன்னாடியே அங்க கெட்டியா கட்டிடணும்.

அடுத்தது ஃபில்லர் ஸ்லாப், அதாவது கான்கிரீட்டுக்கு நடுவுல ஓடு வச்சு நிரப்புற ரூஃப். ஒரு பலகையை ரெண்டு கல்லு மேல போட்டு நடுவுல ஏறி நில்லுங்க. மேல்பாகம் நசுங்கும், கீழ்பாகம் இழுபடும். கான்கிரீட் நசுங்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுப்பைத் தாங்குறது கம்பி. அப்ப ரூஃபோட கீழ்ப்பாதியில கம்பியைச் சுத்தி இருக்கிறது போக மீதிக் கான்கிரீட் சும்மா கனமாத்தான் தொங்குது. அந்த இடத்துல ரெண்டு மங்களூர் ஓடு எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு கவுத்து வச்சுட்டா கனமும் குறையும், நடுவுல காத்தும் நிக்கும். ஓரங்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தா கான்கிரீட்ல ஐந்தில் ஒரு பங்கு, சில நேரம் நாலில் ஒரு பங்கு மிச்சமாகும்.

இதுலயும் ஒரு ஒழுங்கு வேணும். ஓடுகளை முந்தின நாளே தண்ணியில ஊற வைக்கணும். காய்ஞ்ச ஓடு கான்கிரீட்ல இருக்கிற தண்ணியை உறிஞ்சிடும், ஓடுகளைச் சுத்திக் கலவை பொடிப்பொடியா, தேன்கூடு மாதிரி நிக்கும். சென்டரிங் மேல முதல்ல ஓட்டு வரிசை, இடையில கம்பி ஓடுற சந்து. சந்துல கம்பிக்குக் கீழ கவர் பிளாக், அதாவது கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற சின்னக் கட்டை கட்டாயம். ஓட்டுக்கு மேல குறைஞ்சது 2 இஞ்ச் கான்கிரீட் நிக்கணும். ஓட்டு மேல ஆள் நடந்தா உடையும், அதனால நடக்கப் பலகை போடணும். சுவரை ஒட்டின ஓரத்துலயும் வெளிய நீளுற சன்ஷேடுலயும் ஓடு வைக்கக் கூடாது. வெளிய நீளுற பாகத்துல இழுப்பு மேல்பக்கம், நசுங்கல் கீழ்ப்பக்கம். கணக்கே தலைகீழ். ஃபேன் கொக்கியைச் சந்துலதான் விடணும். கம்பி அளவை இன்ஜினியர்தான் போடணும், இதுல சமாதானம் கிடையாது.

ஜன்னலையும் பாருங்க. அதே பரப்புக்குச் சுவரை விட ஜன்னலுக்குப் பல மடங்கு செலவு: நிலை, சட்டம், கீல், கொக்கி, கம்பி. பேக்கர் ஒரு பலகையை எடுத்து மேலயும் கீழயும் ஒரு முளை வச்சு, சுவர்ல ரெண்டு குழியில உக்கார வச்சார். நிலையும் கிடையாது, கீலும் கிடையாது. வெளிச்சமும் காத்தும் மட்டும் வேணும்ங்கிற இடத்துல செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கி ஜாலி, அதாவது துளைத் துளையான சுவர் ஆக்கிட்டார்.

1985ல அச்சுத மேனன், கே.என். ராஜ், டி.ஆர். சந்திரதத் இவங்களோட சேர்ந்து காஸ்ட்ஃபோர்டுங்கிற அமைப்பைத் தொடங்கினார். இந்த முறையில வேலை செய்ற கொத்தனாருங்க நிறையப் பேர் அது மூலமா உருவானாங்க. 1980களோட கடைசியில இந்தியக் குடியுரிமை, 1990ல பத்மஸ்ரீ. 2007 ஏப்ரல் 1, திருவனந்தபுரத்துல காலமானார், 90 வயசு.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 'பேக்கர் ஸ்டைல் வீடு'ன்னு சொல்லி, கான்கிரீட் பில்லர் எழுப்பி, வழக்கமான சுவர் கட்டி, மேல செங்கல் டைல் ஒட்டுறாங்க. செலவு கூடுது. பேக்கர் பூச்சை விட்டது நிறத்துக்காக இல்ல. தேவையில்லாததைக் கேட்டு வாங்காதேங்கிற குவேக்கர் ஒழுக்கம் அது. பூசாத சுவருன்னா மழைச்சாரல் படாம ரூஃப் நல்லா வெளிய நீளணும், மூட்டுகளுக்குப் பாயின்டிங், அதாவது செங்கல் இடுக்குல கலவை அடைக்கிறது, கெட்டியா இருக்கணும். இந்த ரெண்டும் இல்லாம டைல் ஒட்டினவங்கதான் பின்னாடி பாசி, ஈரம்னு புலம்புறாங்க.

கட்டப் போறவங்க சூளையில ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்ங்க. கலந்து 20 செங்கல் எடுத்து, தரையில நூல் பிடிச்சு முட்டி முட்டி வைங்க. இந்த அளவுச் செங்கல்னா மொத்தம் 14 அடி 7 இஞ்ச் வரணும். ரெண்டு இஞ்சுக்கு மேல கூடக் குறைய வந்தா அந்தச் சூளை வேண்டாம். ஏன்னா குறுக்குச் செங்கல் ஒண்ணு நீளமா, ஒண்ணு குட்டையா இருந்தா ஒரு முகம் நூலுக்கு நேரா நிக்கும், மறுமுகம் மேடு பள்ளமாயிடும், பூசித்தான் மறைக்கணும். அப்புறம் ரெண்டு செங்கல்லை ஒண்ணோட ஒண்ணு தட்டுங்க. கணீர்னு சத்தம் வந்தா வெந்திருக்கு. டொக்குன்னு கேட்டா வேகல, அதை வெளிச்சுவருக்கு வைக்காதீங்க.