டிகிண்டர்ல ஜிஃப் ஏன் அசைய மாட்டேங்குது?

எல்லாருக்கும் வணக்கம்! இன்னைக்கு பைத்தான்ல விண்டோ, பட்டன் எல்லாம் செய்ய உதவுற டிகிண்டர் லைப்ரரில ஜிஃப் ஓட்டப் போறோம். நேரா ஸ்க்ரீனுக்குப் போயிடலாம்.

இதோ, ஒரு குத்துவிளக்கு ஜிஃப். விளக்கு அசையாது, சுடர் மட்டும் ஆடும். பிரவுசர்ல போட்டா அழகா ஆடுது பாருங்க. இப்ப இதையே ஃபோட்டோஇமேஜ்ல, அதாவது டிகிண்டர் படத்தை வச்சுக்குற பொருள்ல ஏத்தி, விண்டோல படம் காட்டுற ஒரு லேபிள்ல வைக்கிறேன். ரன் கொடுத்தாச்சு. படம் வந்துடுச்சு, எரர் எதுவும் இல்ல, ஆனா சுடர் அப்படியே நிக்குது. இது பக் இல்லங்க. டிகிண்டருக்கு அடியில ஓடுற டிகே-யைப் பொறுத்தவரைக்கும் ஒரு ஃபோட்டோஇமேஜ்னா ஒரே ஒரு ஃபிரேம்தான். ஓட்டுற வேலை முழுக்க நம்ம தலைலதான்.

மத்த ஃபிரேமை எப்படி எடுக்குறது? ஃபோட்டோஇமேஜ்ல ஃபார்மேட்னு ஒரு ஆர்கியுமென்ட் இருக்கு. அதுல "ஜிஃப் மைனஸ் இண்டெக்ஸ் 0"ன்னு கொடுத்தா முதல் ஃபிரேம், 1-ன்னு கொடுத்தா ரெண்டாவது. லூப்ல ஏத்திக்கிட்டே போங்க. ஃபிரேம் தீர்ந்ததும் "நோ இமேஜ் டேட்டா ஃபார் திஸ் இண்டெக்ஸ்"னு டிசிஎல்எரர் வரும், அதைப் பிடிச்சு வெளிய வந்துடலாம். எல்லாத்தையும் ஒரு லிஸ்ட்ல வச்சுக்கணும். அந்த லிஸ்டை ஃபங்ஷனுக்குள்ள லோக்கலா விட்டுடாதீங்க. ஃபங்ஷன் முடிஞ்சதும் பைத்தான் அதை கார்பேஜ்னு நினைச்சுத் தூக்கிடும், லேபிள் வெறுமையா நிக்கும். செல்ஃப் டாட் ஃபிரேம்ஸ்ல வச்சா போதும்.

அடுத்து, டைம் டாட் ஸ்லீப் போடவே போடாதீங்க. ஸ்லீப்ல இருக்குற வரைக்கும் மெயின்லூப், அதாவது கிளிக் மாதிரி விஷயங்களைக் கவனிக்கிற லூப் ஓடாது, விண்டோவே உறைஞ்சிடும், பட்டனைக் கூட அமுக்க முடியாது. அதுக்குத்தான் ஆஃப்டர் இருக்கு: "இத்தனை மில்லிசெகண்ட் கழிச்சு இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு"ன்னு சொல்லிட்டு நம்ம வேலையைப் பாக்கலாம்.

இப்ப ரன் பண்றேன். இங்க நிறுத்துறேன், நல்லாப் பாருங்க. முதல் ஃபிரேம்ல முழு விளக்கும் இருக்கு. ரெண்டாவது ஃபிரேம்ல விளக்கையே காணோம்! நடுவுல சுடர் மட்டும் அந்தரத்துல தொங்குது, சுத்தி விண்டோவோட சாம்பல் கலர் தெரியுது. ஃபைல் சைஸைக் குறைக்க, மாறுன பகுதியை மட்டும்தான் ரெண்டாவது ஃபிரேம்ல சேமிச்சிருக்காங்க. பழைய ஃபிரேமை அப்படியே விட்டு, இதை அது மேல வச்சுக் காட்டுன்னு ஃபைலுக்குள்ளயே குறிப்பு இருக்கு. டிஸ்போசல்னு அதுக்குப் பேரு. பிரவுசர் அதைப் படிச்சு அடுக்குது. டிகே அடுக்காம, கேட்ட ஃபிரேமை மட்டும் தூக்கிக் கொடுக்குது.

அதனால நான் பில்லோங்கிற பைத்தான் பட லைப்ரரிக்குப் போறேன். அதுல சீக் பண்ணா, அதாவது வேணுங்கிற ஃபிரேமுக்குத் தாவுனா, முன்னாடி ஃபிரேம் மேல அடுக்கின முழுப் படமே கைக்கு வரும். அதை இமேஜ்டிகே டாட் ஃபோட்டோஇமேஜ் ஆக்கிடுங்க. இப்ப பாருங்க, விளக்கு முழுசா நிக்குது, சுடர் ஆடுது.

ஆனா எனக்கு இன்னும் மனசு ஆறலை. வேகம் சரியில்ல. பெரும்பாலான மாதிரி கோடுல ஆஃப்டர் 100-னு ஒரே நம்பரை எல்லா ஃபிரேமுக்கும் போட்டிருப்பாங்க. ஜிஃப்ல ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனித்தனி டிலே, அதாவது அது திரைல நிக்குற நேரம் வச்சுக்கலாம், நூறில் ஒரு செகண்ட் கணக்குல. 1989-ல வந்த ஜிஃப் 89ஏ-லயே இது இருக்கு. இந்த விளக்கு ஜிஃப்ல சுடர் சாயற இடத்துல நீளமான டிலே, நிமிர்ற இடத்துல குட்டி டிலே. வரைஞ்சவங்க உக்காந்து ஒவ்வொண்ணா வச்சது அது. நாம ஒரே 100 போட்டா அந்த உழைப்பு மொத்தமும் போச்சு. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க.

பில்லோல இன்ஃபோக்குள்ள டியூரேஷன்னு பாருங்க, மில்லிசெகண்ட்லயே கிடைக்கும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சீக் பண்ண கையோட எடுத்து வச்சுக்கணும். ஃபிரேமைக் காட்டிட்டு, அதே ஃபிரேமோட டிலேயை ஆஃப்டர்ல கொடுங்க, அடுத்த ஃபிரேமோடதை இல்ல. சில ஃபைல்ல டிலே 0-ன்னு இருக்கும். பிரவுசர்கள் அதை 100 மில்லிசெகண்டா எடுத்துக்குது, நாமளும் அப்படியே செஞ்சா ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி ஓடும்.

பெரிய ஜிஃப்னா மெமரியைப் பாத்துக்கங்க. 800க்கு 600 படம், பிக்சலுக்கு 4 பைட், ஒரு ஃபிரேமே 19 லட்சத்து 20 ஆயிரம் பைட். 100 ஃபிரேம்னா கிட்டத்தட்ட 192 எம்பி. டிஸ்க்ல ஃபைல் 3 எம்பிதான் இருக்கும், ஏமாந்துடாதீங்க. அந்த மாதிரி படத்துக்கு மொத்தமா ஏத்தாம, காட்டும்போது மட்டும் ஒவ்வொரு ஃபிரேமா சீக் பண்ணுங்க.

கடைசியா, ஆஃப்டர் திருப்பிக் கொடுக்குற ஐடியை ஒரு வேரியபிள்ல வச்சுக்கங்க. படம் இருக்குற விண்டோவை மூடும்போது அந்த ஐடியை ஆஃப்டர் கேன்சலுக்குக் கொடுக்கணும். இல்லன்னா இல்லாத லேபிளைத் தேடிப் போய் டெர்மினல்ல எரர் கொட்டும். முழு கோடும் டிஸ்க்ரிப்ஷன்ல இருக்கு, உங்ககிட்ட இருக்குற ஜிஃப்பைப் போட்டு ஓட்டிப் பாருங்க.