கம்பர்பேட்ச்: ஒரு கிராமத்துப் பெயர் பார்படோஸ் போன கதை

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நேயர் கேட்கிறார்: "நடிகர் பெனடிக்ட் கம்பர்பேட்ச்சின் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது? மேற்கிந்தியத் தீவுகளில் கறுப்பினத்தவர்களுக்கும் இதே பெயர் இருக்கிறதே, எல்லோரும் சொந்தக்காரர்களா?"

முதல் பாதிக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் செஷையர் மாவட்டத்தில், நார்த்விச் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம் இருக்கிறது. அதன் பெயர்தான் இது. எழுத்தில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். கடைசியில் வரும் 'பேட்ச்' பழைய ஆங்கிலத்தில் ஓடையைக் குறிக்கும். அதே மாவட்டத்து சாண்ட்பேச் என்ற ஊரின் பெயரிலும் இந்த ஓடை இருக்கிறது.

சரி, ஊர்ப் பெயர் எப்படி ஆள் பெயரானது? அந்தக் காலத்தில் ஜான், வில்லியம் என்று தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். வெளியூரிலிருந்து வந்து குடியேறியவரை ஊர் பெயரைச் சேர்த்துச் சொன்னால்தான் யாரென்று தெரியும். சொந்த ஊரிலேயே இருப்பவருக்கு அந்த அடையாளம் தேவைப்படாது. ஊரும் சின்னது, அங்கிருந்து கிளம்பிப் போனவர்களும் கொஞ்சம் பேர்தான். அதனால்தான் இங்கிலாந்தில் இது இவ்வளவு அபூர்வம். கம்பர்பேட்ச் என்ற பெயருக்குக் கொஞ்சம் மாறிப் போன வடிவங்களும் உண்டு; 'கம்பர்பாட்ச்' என்று எழுதுவோரும் இருக்கிறார்கள், 'கம்பர்பேச்' என்று எழுதுவோரும் இருக்கிறார்கள்.

இரண்டாவது பாதியைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். நடிகரின் முன்னோர் ஒருவர் 1728இல் பார்படோஸ் தீவின் வடக்கே கிளீலண்ட் என்ற கரும்புத் தோட்டத்தை வாங்கினார். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்தவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் அடிமைகளாக வைத்து வேலை வாங்கிய தோட்டம் அது. 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. அப்போது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கினார்கள். யாருக்கு? முதலாளிகளுக்கு. காலமெல்லாம் உழைத்தவர்களுக்கு ஒரு பைசா கிடையாது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு வயிறு எரிகிற விஷயம் இது.

விடுதலையான பலர் தோட்ட முதலாளியின் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். ஆக, பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் ரத்த உறவு என்று சொல்லிவிட முடியாது. முதலாளி வழியில் பிறந்த பிள்ளைகளும் தோட்டங்களில் இருந்ததால், உறவே இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு டிரினிடாட்டைச் சேர்ந்த டெஸ்ட் நடுவர் கிளைட் கம்பர்பேட்ச் ஞாபகம் இருக்கும். அந்தப் பெயர் கரீபியனில் இன்றும் சகஜம்.

வம்சாவளி தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பார்படோஸில் 1817 முதல் 1834 வரை அடிமைகளுக்கென்று பதிவேடு எழுதினார்கள். அதில் பெயர், வயது, ஆணா பெண்ணா என்றெல்லாம் இருக்கும். ஆனால் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். குடும்பப் பெயர் இருக்காது. அதனால் கம்பர்பேட்ச் என்று தேடினால் முதலாளிதான் அகப்படுவார். முதலில் தோட்டத்தின் பெயரைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் அந்த வட்டாரத்துத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவுகளோடு ஒத்துப் பாருங்கள்.