தூறல் விழுந்தால் மோட்டாரை நிறுத்தாதீர்கள்

[காட்சி: பல்லடம் பக்கம் ஒரு கத்தரித் தோட்டம். சொட்டுநீர்க் குழாயின் இரு ஓரமும் வெள்ளைக் கோடு.]

வணக்கம். குழாய்க்கு இரண்டு பக்கமும் கோலமாவு தூவியது போல் தெரிகிறதே, அது உப்பு. ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தால் கரிக்கும். உரம் போட்டதால் வந்தது என்பார்கள். கொஞ்சம் அதுவும் உண்டு. பெரும்பங்கு போர்வெல் தண்ணீரில் வந்ததுதான்.

[காட்சி: மோட்டார் தண்ணீர் தொட்டியில் விழுகிறது.]

ஒரு கணக்குப் போடுவோம். லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள தண்ணீரை மாடு யோசிக்காமல் குடித்துவிடும். அதையே ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர். உப்பு 200 கிலோ. ஒரே பாய்ச்சலில் நாலு மூட்டை! தண்ணீரைச் செடியும் வெயிலும் பங்கு போட்டுக்கொள்ளும். உப்பு கிட்டத்தட்ட முழுசும் மண்ணிலேயே கிடக்கும். எந்த இடத்தில் கிடக்கும் என்பது நாம் பாய்ச்சும் விதத்தைப் பொறுத்தது.

[காட்சி: பாத்தி, பிறகு மேட்டுப் பார்.]

பாத்தி கட்டிப் பாய்ச்சினால் தண்ணீர் உப்பைக் கரைத்து வேருக்குக் கீழே தள்ளும். ஆனால் அடியில் வடிய வழி வேண்டும். வழியில்லாத நிலத்தில் நிலத்தடி நீர் மேலேறி வரும். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி உப்புத் தண்ணீர் மேல்மண்ணுக்கு வந்து காயும். பார் பிடித்து, அதாவது மண்ணை வரிசையாக மேடு கட்டி, இடையில் உள்ள பள்ளத்தில் பாய்ச்சினால் உப்பு பாரின் உச்சிக்குப் போய்ச் சேரும். அதனால் நாற்றை உச்சியில் நடாமல் பாரின் சரிவில் நடுங்கள். தெளிப்புநீர் என்றால் உப்பு இலையில் படிந்து இலை கருகும், இரவில் ஓட்டுங்கள்.

[காட்சி: சொட்டுவானுக்குக் கீழே மண்வெட்டியால் வெட்டிய குழி.]

சரி, சொட்டுநீருக்கு வருவோம். குழியைப் பாருங்கள், ஈரம் வெங்காய வடிவில் இறங்கியிருக்கிறது. நடுவில் உப்பு குறைவு, வேர் சுகமாக இருக்கிறது. ஒதுக்கப்பட்ட உப்பு ஈரத்தின் விளிம்பில் காத்திருக்கிறது. சொட்டுவது நின்று மண் காய்ந்தால், மிச்சமிருக்கும் கொஞ்ச ஈரத்தில் அதே உப்பு கெட்டியாகிவிடும். ஈரம் பாதியானால் உப்பின் காட்டம் இரட்டிப்பு. மண் தொட்டால் ஈரமாகத்தான் இருக்கும், செடி வாடும்.

[காட்சி: காற்று, மேகம், தூறல்.]

ஆடி மாதம் காற்றோடு நாலு தூறல் விழும். 'மழைதான் வந்துவிட்டதே' என்று மோட்டாரை நிறுத்துவோம். தப்பே அங்கேதான். தூறல் மேலே பூத்த உப்பைக் கரைத்து நேராக வேருக்கு இறக்கிவிடும். சொட்டுநீர் ஓடிக்கொண்டிருந்தால் அந்த உப்பு மறுபடி ஓரத்துக்கே போகும். நல்ல கனமழை பெய்தால் தாராளமாக நிறுத்தலாம்.

'ஜிப்சம் போட்டால் சரியாகிவிடாதா?' என்று பலர் கேட்கிறார்கள். அது களர் நிலத்துக்கான, அதாவது சோடியம் ஏறிக் கெட்டுப்போன மண்ணுக்கான மருந்து. வெறும் உவர் நிலத்துக்கு, அதாவது கரையும் உப்பு மட்டும் சேர்ந்த மண்ணுக்கு, நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் வழி.

[காட்சி: அறுவடை முடிந்த தோட்டம். குழாயைச் சுருட்டுகிறார்கள்.]

கடைசியாக ஒன்று. அடுத்த போகத்துக்குக் குழாயை மறுபடி விரிக்கும்போது பழைய வரிசையிலேயே போடுங்கள். இரண்டு அடி தள்ளிப் போட்டால் புது நாற்று போன வருஷத்து வெள்ளைக் கோட்டின் மேல் போய் உட்காரும். தள்ளித்தான் போட வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாக அலசிவிட்டுப் போகட்டும், அப்புறம் நடலாம்.