அடங்காத சத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

வெள்ளவத்தையில், காலி வீதியை ஒட்டிய ஒரு மாடிவீடு. சமையலறையில் மிக்ஸி ஓடுகிறது. முன்னறையில் டிவி. யன்னலுக்கு வெளியே பஸ் ஹோர்ன். இதற்குள் நின்று அம்மா கேட்கிறார்: "தம்பி, குளிசை போட்டாச்சா?" பதில் இல்லை. இரண்டாம் தடவை குரலை உயர்த்துகிறார். மகன் எழுந்து போய்க் கதவை அடித்துச் சாத்துகிறான்.

மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களின் வீடுகளில் இது அன்றாடம் நடப்பது. பிடிவாதம் என்று தயவுசெய்து முடிவுகட்டாதீர்கள்.

அரை வினாடி இடைவெளியில் இரண்டு 'டிக்' ஒலிகளைக் கேட்கவைத்து மூளையின் மின்னலையைப் பதிவு செய்யும் பரிசோதனை ஒன்று உண்டு. ஒலி கேட்டு ஏறத்தாழ 50 மில்லிசெக்கனில் ஒரு சிற்றலை எழும். பொதுவாக இரண்டாவது ஒலிக்கு அது நன்றாகச் சிறுத்துவிடும். கேட்டதையே மறுபடி கேட்க மூளை மெனக்கெடுவதில்லை. இந்த நோயுள்ள பலருக்கு அது அந்தளவு சிறுப்பதில்லை என்று அமெரிக்காவின் கொலராடோவில் அட்லர், ஃப்ரீட்மன் குழுவினர் 1982இல் காட்டினார்கள். ஆனால் அந்த அலையின் அளவும் ஒருவர் படும் தொந்தரவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆகவே எந்தச் சத்தம் வதைக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். ஒருவருக்கு மிக்ஸி, இன்னொருவருக்குக் கண் சிமிட்டும் டியூப் லைட்.

பேசுமுன் டிவியை நிறுத்துங்கள். முகத்துக்கு நேரே வந்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கேளுங்கள். கேட்டபின் மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். ஏழாவதில் அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டால், அவருக்கு அது புதிய கேள்வி. முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

காதில் பஞ்சை அடைத்துவிடலாமே என்பார்கள். அசரீரியாகக் குரல்கள் கேட்பவர்களில் சிலருக்கு முழு அமைதியில் அவை கூடிவிடும். அவர்களுக்கு இயர்போனில் மெல்லிய பாட்டோ பேச்சோ உதவலாம்.

சிகரெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிலுள்ள நிக்கொட்டீன், இரண்டாவது 'டிக்' ஒலிக்குச் சிறுக்காத அந்த மூளையலையைச் சிறிது நேரம் சீராக்கும். பலர் அதை விடமுடியாமல் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் புகையிலுள்ள வேறு பொருட்கள் இந்த நோய்க்குக் கொடுக்கப்படும் குளோசபின், ஒலான்சபின் மருந்துகளை ஈரல் வேகமாக அழிக்கச் செய்கின்றன. திடீரென்று புகைப்பதை நிறுத்தினால் அதே டோஸிலேயே இரத்தத்தில் மருந்து ஏறி, கடும் தூக்கமும், சிலருக்கு வலிப்பும் வரக்கூடும். நிறுத்துவது நல்லதுதான்; நாளைக் குறிக்கும் முன் கிளினிக்கில் சொல்லுங்கள். அவசரமாகக் கேட்க வேண்டியிருந்தால் இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம்.