"லாட்ஸ் ஆஃப்", "டன்ஸ் ஆஃப்": எந்தக் கடிதத்தில் எது பொருந்தும்?

(திரையில்: ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடை. இலையில் பிரியாணி, பக்கத்தில் கத்திரிக்காய்.)

வணக்கம். பிரியாணி இலைக்கு வந்ததும் நாம் என்ன சொல்வோம்? "கத்திரிக்கா தாராளமா வைங்கண்ணே." மாம்பழ சீசனில் சந்தைக்குப் போய்விட்டு வந்தால் "கூடை கூடையா வந்து எறங்குது" என்போம். ஆனால் திங்கட்கிழமை வேலூர் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகும்போது, "எங்கள் தெருவில் எக்கச்சக்கமா நாய் கெடக்குது" என்று யாராவது எழுதுவோமா? "எங்கள் தெருவில் சுமார் 20 தெருநாய்கள் உள்ளன" என்றுதான் எழுதுவோம். இதை நமக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. எந்தச் சொல் எந்த இடத்துக்கு என்பது காதுக்கே தெரியும்.

ஆங்கிலத்தில் அந்தக் காது நமக்கு இன்னும் வளரவில்லை. "நிறைய" என்று சொல்ல "மெனி" பள்ளிக்கூடத்தில் வந்தது, "லாட்ஸ் ஆஃப்" டிவியில் வந்தது, "டன்ஸ் ஆஃப்" வாட்ஸ்அப்பில் வந்தது. மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறோம். மெயில் எழுதும்போது கைக்கு எது அகப்படுகிறதோ அது போய்விடுகிறது.

(திரையில்: கணினியில் ஒரு மெயில். ஒரு வரி மட்டும் மஞ்சளில்.)

காட்பாடியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் வேலை செய்யும் தம்பி ஒருவர் ஒருநாள் போனை நீட்டினார். "அக்கா, இத அனுப்பலாமா பாருங்க." வெளிநாட்டு வாடிக்கையாளருக்கான மெயில். அதில் ஒரு வரி: "வி ஹாவ் டன்ஸ் ஆஃப் ஃபினிஷ்டு லெதர் ரெடி."

இலக்கணம் சரிதான். நண்பனிடம் வாயால் சொன்னால் அழகான வாக்கியம். ஆனால் படிப்பவர் தோல் வாங்குகிறவர். பதனிட்டு முடித்த தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறோம். அவரிடம் போய் "டன்" என்றால், நிறைய இருக்கிறது என்கிறோமா, எடைக்கு விற்கிறோமா? டன்னிலேயே மூன்று வகை வேறு இருக்கிறது. நம் மெட்ரிக் டன் 1,000 கிலோ. அமெரிக்க டன் ஏறக்குறைய 907 கிலோ. பழைய பிரிட்டிஷ் டன் 1,016 கிலோ. எடை, அளவு, விலை பேசும் கடிதத்தில் "டன்ஸ் ஆஃப்" வேண்டவே வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

சரி, "எ லாட் ஆஃப்" பக்கம் வருவோம். நாம் அதிகம் எழுதுவதும் இதுதான், அதிகம் தடுக்கி விழுவதும் இதில்தான்.

முதலில், "எ", "லாட்" இரண்டும் தனித்தனிச் சொற்கள். சேர்த்து எழுதினால் பிழை. நடுவில் இன்னொரு "எல்" போட்டுச் சேர்த்தால் "அலாட்" ஆகிவிடும். அதற்கு ஒதுக்கீடு செய்வது என்று பொருள். வீட்டு மனை அலாட்மென்ட் என்கிறோமே, அந்தச் சொல். இரண்டும் உறவுக்காரச் சொற்களும்கூட. பழைய ஆங்கிலத்தில் "லாட்" என்றால் பங்கு பிரிக்கக் குலுக்கிப் போடும் சீட்டு. அப்புறம் அந்தச் சீட்டில் கிடைத்த பங்குக்கும் அதே பெயர் வந்தது. ஏலத்தில் "இந்த லாட் எவ்வளவு?" என்று கேட்கிறோமே, அதில் இன்றைக்கும் அந்தப் பங்கு இருக்கிறது.

அடுத்தது வினைச்சொல். "எ" என்பதைப் பார்த்ததும் ஒருமை என்று நினைத்து "எ லாட் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ்" என்று எழுதிவிடுகிறோம். அங்கே "ஆர்" வர வேண்டும். வினையை முடிவுசெய்வது "ஆஃப்"க்குப் பின்னால் வரும் சொல். ஸ்டூடன்ட்ஸ் வந்தால் "ஆர்", வாட்டர் வந்தால் "இஸ்". "லாட்ஸ் ஆஃப்" என்று பன்மையில் எழுதினாலும் இதே கணக்கு: "லாட்ஸ் ஆஃப் வாட்டர் இஸ்". பாலாற்றில் வெள்ளம் வரும் வருடம் இந்த வாக்கியம் நமக்கு உதவும்.

(திரையில்: இரண்டு வாக்கியங்கள் அடுத்தடுத்து. "இஸ்", "ஆர்" சிவப்பில்.)

எவ்வளவு சாதாரணம்? "எ லாட் ஆஃப்" அலுவலக மெயிலில் தாராளமாகப் போகலாம். "லாட்ஸ் ஆஃப்" இன்னும் ஒரு படி இறங்கின பேச்சு. ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ஆய்வுக் கட்டுரை, வேலை விண்ணப்பம் இவற்றில் இரண்டையும் தவிர்ப்பது நல்லது. எண்ணக்கூடியதென்றால் "மெனி" அல்லது "எ லார்ஜ் நம்பர் ஆஃப்", எண்ண முடியாததென்றால் "எ கிரேட் டீல் ஆஃப்". எண்ணக்கூடிய ஆட்களுக்கு "அமௌன்ட்" போடாதீர்கள். பணத்துக்கும் தண்ணீருக்கும்தான் அமௌன்ட், ஆட்களுக்கு நம்பர்.

"மச்" பற்றியும் சொல்ல வேண்டும். "ஐ ஹாவ் மச் வொர்க்" என்று நம் ஊரில் நிறையப் பேர் எழுதுகிறார்கள். கேள்வியிலும் மறுப்பிலும் "மச்" இயல்பாக உட்காரும். சாதாரணமாக ஒன்றைச் சொல்லும்போது விறைப்பாக நிற்கும். அங்கே "எ லாட் ஆஃப் வொர்க்" மேல்.

"பிளென்டி ஆஃப்" எனக்கு மிகவும் பிடித்தது. இது நம் "தாராளம்" மாதிரி. நிறைய என்பதோடு, குறைவில்லை, போதும் என்ற நிம்மதியும் உள்ளே இருக்கிறது. காட்பாடி ஜங்ஷனுக்குக் கிளம்பும்போது "வி ஹாவ் பிளென்டி ஆஃப் டைம்" என்றால் பதறாதே, வண்டியைப் பிடித்துவிடலாம் என்று அர்த்தம். முன்னால் "எ" போட வேண்டாம்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். "லோட்ஸ் ஆஃப்", "ஹீப்ஸ் ஆஃப்" இரண்டும் பேச்சுக்கானவை. "எ பஞ்ச் ஆஃப் கீஸ்" என்றால் சாவிக்கொத்து, எங்கேயும் எழுதலாம். "எ பஞ்ச் ஆஃப் சர்டிஃபிகேட்ஸ்" என்று விண்ணப்பத்தில் எழுதினால் அலட்சியமாகத் தெரியும். "கலோர்" என்றால் ஏராளம்; ஐரிஷ் மொழியிலிருந்து வந்த சொல், பெயர்ச்சொல்லுக்குப் பின்னால்தான் நிற்கும்: "மேங்கோஸ் கலோர்". விளம்பரத்துக்கு நல்லது, விண்ணப்பத்துக்கு வேண்டாம்.

(திரையில்: மருத்துவமனை வெளிநோயாளர் வரிசை. முகங்கள் தெரியவில்லை.)

இப்போது கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். நம் ஊருக்கு வைத்தியம் பார்க்க வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் எவ்வளவோ பேர் வருகிறார்கள். மொழி தெரியாத இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி நீட்டுகிறார்கள். நாம் வெளியூர் போனாலும் அதையேதான் செய்வோம். "ஹி வாமிட்டட் எ லாட்" என்று எழுதினால் டாக்டர் மறுபடி கேட்கத்தான் வேண்டும். "ஹி வாமிட்டட் 4 டைம்ஸ் சின்ஸ் மார்னிங்" என்றால் அவருக்கு வேண்டியது கையிலேயே கிடைத்துவிடும். எண் தெரிந்த இடத்தில் எண்ணையே எழுதுங்கள். தோல் கம்பெனித் தம்பியின் வரியையும் அப்படித்தான் மாற்றினோம்: "வி ஹாவ் 12,000 ஸ்கொயர் ஃபீட் ஆஃப் ஃபினிஷ்டு லெதர் ரெடி."

இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு வகுப்பில் இன்னொன்று நடந்தது. எழுதுவதில் எல்லாம் "கன்சிடரபிள்", "நியூமரஸ்" என்று விறைப்பான சொற்களாக அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பெண் சிங்கப்பூரில் இருக்கும் தன் அக்காவுக்குப் பிறந்தநாள் கார்டு எழுதிக்கொண்டு வந்தாள். கடைசி வரியில் "லாட்ஸ் ஆஃப் லவ்" என்று முதலில் எழுதி, அதை அடித்திருந்தாள். "இத எப்டிக்கா ஃபார்மலா மாத்துறது?" என்று கேட்டாள்.

அடித்ததன் மேலேயே மறுபடி எழுதச் சொன்னேன். "லாட்ஸ் ஆஃப் லவ்." அப்படியேதான் கார்டு போனது.